குழாயில் இல்லாத நூறு வருஷம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆய்வுக் குழுவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு, எனக்கு முன் ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியதையும் அனுப்பியிருந்தார்கள். அதில் ‘பயணம்’ என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. ‘குடும்பம்’ அதைவிட அதிகமாக வருகிறது. நான் அங்கே வேலைக்குத்தான் போனேன், பயணம் போகவில்லை. குடும்பம் எனக்குக் குளுவாங் ஊரில் தனியாக இருந்தது.

நல்ல வார்த்தை எதிர்பார்ப்பவர்கள் அந்த மாதிரியையே இன்னொரு தரம் படித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது சுலபம். குளத்துச் சேறு, கடல் பவளம், குகைக்குள் சொட்டுச் சொட்டாய் வளர்ந்த சுண்ணாம்புக்கல் இவற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்கிறோம். அதை வைத்து, எழுதி வைக்க ஆளில்லாத காலத்தில் மழை எப்படி இருந்தது, வெள்ளம் எப்போது வந்தது என்று சொல்கிறோம். தோட்டத்து ஆள் யாரிடம் சொன்னாலும் ஒரே தடவையில் புரிந்துகொள்வார். உள்ளே இருப்பவர்களுக்கு விளக்குவதுதான் கஷ்டம். சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் டீ-சட்டை அடித்துப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். முதுகில் ‘பூமியின் நினைவைப் படிக்கிறோம்’ என்று அச்சாகியிருக்கிறது. பூமிக்கு நினைவு கிடையாது. சேறு படிகிறது, அவ்வளவுதான். சில சமயம் அதுவும் இருப்பதில்லை. நான் சொல்லப்போவது அப்படி இல்லாமல் போன சேற்றைப் பற்றி.

அப்போது எங்கள் குழுவுக்கு ஒரு பேராசிரியர் தலைவராக இருந்தார். பெயர் வேண்டாம். அவர் மோசடிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் என் பாடு எளிதாகப் போயிருக்கும். மோசடி செய்பவனுக்கு உண்மை எது என்று தெரியும், அதை மறைக்கத் தெரிந்தே பாடுபடுவான். எங்கள் தலைவருக்கு அழகான கதை ஒன்று அகப்பட்டுவிட்டால் உண்மையைத் தேட வேண்டும் என்றே தோன்றாது. குட்டையில் இறங்கும் நாளிலும் வெள்ளைச் சட்டை போட்டு வருவார். சாயங்காலம் திரும்பும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். நான் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். அவர் மேடையில் சொல்லிவிட்டு வந்ததைக் கட்டுரையில் எழுதத்தக்கதாக மாற்றுவது என் பொறுப்பு. நிறைய நாள் அந்த வேலை செய்தேன். நன்றாகவே செய்தேன்.

ஜொகூர் மாநிலத்தில், சிகாமட்டுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. ஆறு தன் பழைய வழியை விட்டு விலகியபோது விட்டுப்போன வளைவான குட்டை ஒன்று அங்கே இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதைச் செத்த ஆறு என்பார்கள். ஆற்றுக்கும் அந்தக் குட்டைக்கும் நடுவில் நல்ல சமவெளி. தோட்டம் விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் சமவெளியில் வீடு கட்டித் தருவதாகப் பேச்சு. பேச்சு பேச்சாகவே வெகுகாலம் இருந்தது. பிள்ளைகள் பள்ளி முடித்து, கல்யாணமாகி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கும் வரை பெற்றோர் வாடகை வீட்டில் இருந்தார்கள். கடைசியில் வீடு கட்டி விற்கும் ஒரு மேம்பாட்டாளர் முன்வந்தார். டத்தோ பட்டம் வாங்கியவர். அந்த நிலம் வெள்ளத்துக்கு உட்பட்டதா இல்லையா என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதித் தந்தால் வேலை தொடங்கிவிடலாம் என்றார். மாநில அதிகாரியும் அதையே கேட்டார்.

சிகாமட்டில் வெள்ளம் வருவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட சமவெளியில் ஏறியதா என்பது எந்தப் பதிவிலும் இல்லை. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. லயம் மேட்டில் இருந்தது. கீழே செம்பனை நின்றது. செம்பனைக் காட்டுக்குள் தண்ணீர் நின்று வடிந்தால் எந்த அலுவலகம் போய்ப் பார்க்கப்போகிறது?

ஆகவே எங்களைக் கூப்பிட்டார்கள். செத்த ஆற்றில் நீளமான அலுமினியக் குழாயை அடித்து இறக்கி, உள்ளே அடைபட்ட சேற்றோடு இழுத்து, நீளவாக்கில் அறுத்துத் திறந்து பார்ப்பது. சாதாரண காலத்தில் கறுப்புச் சேறு படியும். ஆறு கரையைத் தாண்டி, சமவெளி முழுவதையும் கடந்து வந்தால்தான் அந்தக் குட்டைக்குள் மணல் விழும். மணல் அடுக்கு இருந்தால் வெள்ளம் வந்தது, இல்லையென்றால் வரவில்லை. எங்கள் தலைவர் போன குழு எடுத்துவந்த குழாயில், கீழே மணல் அடுக்குகள் நிறைய இருந்தன. மேலே போகப்போகக் குறைந்தன. உச்சியில் நல்ல நீளத்துக்குக் கறுப்புச் சேறு மட்டும்தான். தலைவருக்குக் கதை கிடைத்துவிட்டது. ஆறு அடங்கிவிட்டது, மழை மாறிவிட்டது, நூறு வருஷமாக அந்த நிலம் காய்ந்தே இருக்கிறது. வண்ணப்படம் கூடத் தயார்.

அந்த வாரம் யோகேஸ்வரி என் அறைக்கு வந்தாள். ரெங்கம் ஊர்ப் பெண். தலைவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள், உட்காரவில்லை.

“டாக்டர், ஈயம் அளந்து பாத்தேன். மேல இல்ல.”

உங்களில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. காற்றிலிருந்து ஒரு வகை ஈயம் ஓயாமல் மண்ணில் விழுந்துகொண்டிருக்கிறது. நேற்று படிந்த சேற்றில் அது நிறைய இருக்கும். வருஷம் ஆக ஆகக் குறையும். நூறு, நூற்றைம்பது வருஷம் ஆனால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அழிந்துபோகும். குழாயின் உச்சி இன்றைய சேறாக இருந்தால் அதில் ஈயம் இருந்தே ஆக வேண்டும்.

“எங்க ஆரம்பிக்குது?”

“எங்கயும் ஆரம்பிக்கல டாக்டர். உச்சியிலயே ஒன்னும் இல்ல. அது பழைய சேறு.”

“அப்ப புதுசு எங்க போச்சு?”

அவள் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். குழாயை மேலே இழுத்த அன்று தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் அன்று தேர்வுக் குழுவில் மாட்டிக்கொண்டிருந்தேன், போகவில்லை. குழாயைச் செங்குத்தாக வைத்தால் படத்தில் தலைவரின் முகம் மறைகிறதாம். சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்களாம். சாய்த்தபோது மேல்முனையிலிருந்து கஞ்சி மாதிரி வழிந்து கரையில் கொட்டியது.

“நான் சொன்னேன் டாக்டர், சேறு போகுதுன்னு. ப்ரொஃப், அது வெறும் தண்ணிதான்லா, கொட்டட்டும்னுட்டாரு.”

அந்தக் குட்டையில் மேல்சேறு கஞ்சியாகத்தான் இருக்கும். கை விட்டால் எது தண்ணீர், எது சேறு என்று தெரியாது. நூறு வருஷத்துக்கு மேலான மழையும் வெள்ளமும் ஒருவர் படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புல்லில் வழிந்து போயிருந்தது. நூறு வருஷமாக வெள்ளம் வரவில்லை என்று நாங்கள் எழுதப்போனோம். அந்த நூறு வருஷம் குழாய்க்குள்ளேயே இல்லை.

“அவர்கிட்ட ஈயத்தைப் பத்திச் சொன்னியா?”

“சொன்னேன். மிஷின் சரியில்ல, இன்னொரு தரம் போடுன்னாரு. போட்டேன். அப்பவும் இல்ல. அப்புறம், நீ எந்த வருஷம் முடிக்கிறதா இருக்கேன்னு கேட்டாரு.”

இந்தக் கடைசிக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். குரல் உயராது. அக்கறையாகவே கேட்பார்கள். அது மிரட்டல் என்று அறிந்துகொள்ளுங்கள்.

நான் தலைவரிடம் போனேன். அவர் தே தாரிக் டீ வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். நல்ல கேட்பாளர், அதையும் சொல்ல வேண்டும். பிறகு சொன்னார்:

“ஸ்டெல்லா, அந்த ஜனங்கள நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். எவ்வளவு காலமா காத்திருக்காங்க தெரியுமா. நம்ம ஆளுங்க. அவங்க வீட்டை நீங்க ஒரு ஈயத்தைக் காட்டி நிறுத்தப் போறீங்களா?”

“நான் நிறுத்தல ப்ரொஃப். நமக்குத் தெரியாததைத் தெரியும்னு எழுத வேணாங்கிறேன்.”

“அங்க வெள்ளமே வந்ததில்லன்னு அவங்க வீட்டுக் கமிட்டித் தலைவியே சொல்றாங்க. அங்கயே பொறந்து வளந்தவங்க. அதுவும் டேட்டாதானே?”

என்னைப் பேசவிடாமல் செய்தது இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்த மக்கள்மேல் உண்மையிலேயே இரக்கம் இருந்தது. செலவில்லாத இரக்கம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் அவருடைய கட்டிலா மிதக்கப்போகிறது? இரக்கத்தை முன்னால் நிறுத்தி உங்களிடம் பேசும்போது, அந்த இரக்கத்தில் சொல்பவருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் அது வேறு ஏதோ சரக்கு.

குழுக் கூட்டத்திலும் பேசினேன். எங்களோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர்கள். ஈயம் இல்லாத உச்சி என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததும் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், சமாதானமானவர், அறிக்கையின் கடைசியில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். உடனே அறையில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. இந்த வரியை நம் தொழிலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை டத்தோ படிக்கமாட்டார், அதிகாரி படிக்கமாட்டார், வீட்டுக்குக் குடிபோகிறவருக்குக் காட்டவே மாட்டார்கள். வெள்ளம் வந்த பிறகு எழுதியவர்கள் மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். அதற்காகவே எழுதப்படும் வரி அது.

அறிக்கையை ஒப்படைக்கும் கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச அவகாசம் இருந்தது. யோகேஸ்வரியை அழைத்துக்கொண்டு நான் சிகாமட்டுக்குப் போனேன். அவளை வரச் சொல்வதற்கு முன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொன்னேன். “நீங்க தனியா குழாய் எறக்க முடியாது டாக்டர்,” என்றாள். அது தைரியமான வசனம் ஒன்றும் இல்லை, உண்மை. இரண்டு பேர் இல்லாமல் முடியாது.

இந்த முறை குட்டையான, அகலமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய். அதை மெதுவாக இறக்கி, மேல்தண்ணீர் கலங்காமல் அடைத்துத் தூக்க வேண்டும். அதற்குச் சம்பான், சின்னத் துடுப்புப் படகு, ஒன்று தேவை. செத்த ஆற்றில் இருந்த ஒரே சம்பான், வீட்டுக் கமிட்டித் தலைவி பவானியின் தம்பியுடையது. தலைவர் சொன்ன அதே தலைவி. தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கிறவர், என் வயது இருக்கும். நாங்கள் காரிலிருந்து சாமான்களை இறக்கும்போதே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

“பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். ஆறிவிட்டோம் என்றோம். அதன் பிறகுதான், “எதுக்கு மறுபடியும் வந்திருக்கீங்க?” என்றார்.

சொன்னேன். போன தடவை எடுத்த சேற்றில் மேல்பகுதி கொட்டிவிட்டது, அதனால் வெள்ளம் வந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை, அதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று. யோகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேராகச் சொல்ல வேண்டுமா என்ற பார்வை.

“அந்தப் பெரிய ப்ரொபசர் ஒன்னும் இல்லன்னாரே.”

“அவர் சொன்னது எங்களுக்குச் சரியா படல.”

“அப்ப வெள்ளம் இருக்குன்னு எழுதிட்டா?”

“வீடு இங்க கட்ட விடமாட்டாங்க.”

அவர் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். கோபமாக இருந்தார், ஆனால் கத்தவில்லை. “டாக்டர், நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவ. இங்க தண்ணி வந்ததே இல்ல. போதுமா? சம்பான் தர முடியாது.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வந்ததே இல்லை என்பதைக் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். சம்பான் தர முடியாது என்பதைத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் வந்தது அவருக்குத் தெரியும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் எனக்கு விளங்கியது தெரிந்துவிட்டது.

“அக்கா, தண்ணி வந்ததில்லன்னா சேறும் அதைத்தான் சொல்லும். உங்களுக்கு அது நல்லதுதானே?”

அவர் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றுகொண்டார். நாங்கள் வெயிலில் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“மேட்டுல குடுக்கச் சொல்லிக் கேட்டோம். மேடு வேற ஆளுக்கு வித்தாச்சுன்னாங்க. இதுதான் இருக்கு, வேணும்னா எடுத்துக்கோன்னாங்க. தண்ணி வந்தா தூக்கி மேல வச்சுக்கலாம் டாக்டர். வீடே இல்லன்னா எதைத் தூக்கி வைக்கிறது?”

என்னிடம் இதற்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. இருப்பது போல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

“எடுங்க,” என்றார். “ஆனா ஒன்னு. சேத்துல வெள்ளம் இல்லன்னு வந்தா, அங்க கூட்டத்துல நீங்களே என் பக்கத்துல நின்னு சொல்லணும். அந்த ப்ரொபசர் பேச்சு எனக்கு வேணாம். அவர் சட்டையில ஒரு பொட்டு சேறு இல்ல.”

சரி என்றேன். அது நியாயமான பேரம். அந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நியாயமான பேரம்.

ஆய்வுக்கூடத்தில் குழாயை அறுத்துத் திறந்தபோது உச்சியில் ஈயம் நிறைய இருந்தது, இருக்க வேண்டிய மாதிரி. அதற்குக் கீழே மணல். கொஞ்சம் கறுப்புச் சேறு, மறுபடி மணல். அடுக்கு அடுக்காக. ஒரு அடுக்கு என் கட்டைவிரல் அகலம் இருந்தது. அந்த மணல் குட்டைக்குள் வந்து விழ வேண்டுமானால் சமவெளி முழுவதும் ஆறாக ஓடியிருக்க வேண்டும். யோகேஸ்வரி அளந்துகொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, “இல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்லா,” என்றாள். ஆமாம் என்றேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. சந்தோஷப்படுகிற கண்டுபிடிப்புகள் வேறு.

தலைவரிடம் காட்டினேன். ரொம்ப அருமையான வேலை என்றார். அடுத்த கட்ட அறிக்கையில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இந்தக் கட்ட அறிக்கை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.

கூட்டம் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. குளிர்சாதனத்தில் பற்கள் தந்தியடித்தன. மேஜைக்கு மேஜை பூ. கீழே மண்ணில் யாருக்கு வீடு என்று பேசுவதற்கு இவ்வளவு உயரமான மாடி எதற்கு என்று தெரியவில்லை. டத்தோ வந்திருந்தார், மாநில அதிகாரி வந்திருந்தார், பவானி கமிட்டி சார்பில் பட்டுச் சேலையில் வந்திருந்தார். பேச்சு மலாயில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். தலைவர் தன் வண்ணப்படத்தைக் காட்டினார். ஆறு அடங்கிய கதையை அழகாகச் சொன்னார். எனக்கே ஒரு கணம் நம்பலாம் போல இருந்தது. அவ்வளவு நன்றாகச் சொல்வார்.

கேள்வி உண்டா என்று கேட்டபோது நான் எழுந்தேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் உடனே குனிந்துகொண்டார்கள்.

“இந்த அறிக்கையில் என் பெயர் இருக்கிறது. அதனால் சொல்கிறேன். படத்தின் உச்சியில் இன்றைய வருஷம் என்று போட்டிருப்பது தவறு. அந்தச் சேறு நூறு வருஷத்துக்கும் முந்தியது. அதற்குப் பிறகு படிந்தது எடுக்கும்போது கொட்டிவிட்டது. நாங்கள் மறுபடி எடுத்துப் பார்த்தோம். அந்த நிலத்தில் வெள்ளம் ஏறியிருக்கிறது. பல முறை.”

டத்தோ கோபப்படவில்லை. அனுபவசாலி. “டாக்டர், அடுத்த வெள்ளம் எப்போது வரும்?”

“தெரியாது.”

“பத்து வருஷத்திலா, ஐம்பது வருஷத்திலா?”

“தெரியாது. அடுத்த மழைக்காலத்திலும் வரலாம். நீங்களும் நானும் இருக்கும்வரை வராமலும் போகலாம். வந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.”

அவர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். இதற்குத்தானா பல்கலைக்கழகம் என்பது போல. அதிகாரி பவானியிடம் திரும்பி, நீங்கள் அங்கேயே இருந்தவராயிற்றே, வெள்ளம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

பவானி என்னைப் பார்த்தார். யோகேஸ்வரியைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், “வந்ததே இல்லை,” என்றார்.

அந்த அறையில் அன்று சொல்லப்பட்டவற்றில் நான் மதித்த பொய் அது ஒன்றுதான். அதைச் சொன்னவர் அதற்குள் குடியிருக்கத் தயாராக இருந்தார். மற்றவர்கள் யாரும் அந்தச் சமவெளியில் ஒரு இரவு தங்கமாட்டார்கள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பயந்தவர். சில சமயம் அதுவே போதும். தன் கையெழுத்து இருக்கும் காகிதத்தை ஒரு விரிவுரையாளர் எழுந்து நின்று ஆட்சேபித்தார் என்று பின்னால் யாராவது சொல்லிவிடுவார்களே என்று பயந்தார். அறிக்கையை ஏற்கவில்லை. டத்தோ அந்த நிலத்தை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். வெளியே மின்தூக்கிக்கு நின்றபோது பவானி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “ஒன்னும் சொல்லாதீங்க டாக்டர்,” என்றார். ஒன்றாகவே கீழே இறங்கினோம்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நல்லவர்களுக்கு நல்லது நடந்ததா என்று தெரிந்துகொள்ளாமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

என்னைத் துணைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு ஆய்வுக்கூடப் பாதுகாப்புக் குழுவில் போட்டார்கள். தீயணைப்பான்கள் காலாவதியாகிவிட்டனவா என்று பார்ப்பது என் வேலை. ஆகியிருந்தன. யோகேஸ்வரி வேறு மேற்பார்வையாளரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அதில் அவளுக்கு நிறைய காலம் வீணானது. உதவித்தொகை நின்று, வார இறுதிகளில் டியூஷன் எடுத்துத்தான் படிப்பை முடித்தாள். அவள் என்னிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை, நன்றியும் சொன்னதில்லை. இரண்டும் சரி. தலைவர் என்ன ஆனார்? நாங்கள் எடுத்த சேற்றை வைத்து, அந்த ஆற்றில் சமீபகாலம் வரை வெள்ளம் வந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததாக வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேசினார். மிகச் சிறந்த உரை என்று பரிசு கொடுத்தார்கள். அவர் காட்டிய படத்தில் குழாயைப் பிடித்திருக்கும் என் கையும் யோகேஸ்வரியின் கையும் தெரிந்தன. பெயர்கள் தெரியவில்லை. இப்போது உங்கள் பாடத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. படியுங்கள். தகவல்கள் எல்லாம் சரியானவை.

அந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. பல வருஷம் கழித்து, வேறு ஒருவர் மூலம், டவுனிலிருந்து தள்ளி, மேட்டில். சின்ன வீடுகள். காத்திருக்க முடியாத சிலர் அதற்குள் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். சிலர் இறந்துபோனார்கள். பவானியின் கணவர் அவர்களில் ஒருவர். வாடகை வீட்டில் இறந்தார். சாவி வருவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால்.

இப்படிப்பட்ட கதைகளில் கடைசியில் பெரிய வெள்ளம் வந்து, அந்தச் சமவெளி மூழ்கி, எல்லாரும் விஞ்ஞானியின் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். உங்கள் கருத்தரங்கு மேடைகளில் அப்படித்தான் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். வெள்ளம் வரவில்லை. அந்த நிலம் இன்றுவரை காய்ந்தே கிடக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சிகாமட் ரயில் நிலையத்தில் குளுவாங் போகக் காத்திருந்தேன். பவானி அங்கே இருந்தார். தலை நரைத்திருந்தது. ஜொகூர் பாருவில் மகன் வீட்டுக்குப் போகிறாராம். என்னைக் கண்டதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அங்க இன்னும் தண்ணி வரல டாக்டர்.”

“தெரியும்.”

“மழைக்காலம் வந்தா நான் போய்ப் பாக்குறேன். தம்பி மோட்டார்ல கூட்டிட்டுப் போவான். வரப்புல நின்னு பாப்பேன். காஞ்சு கெடக்கும்.” பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “வந்துட்டா பரவாயில்லன்னு இருக்கு. இவரு கடைசில வாடகை வீட்டுலயே போனாரே, அதுக்காவது ஒரு காரணம் இருக்கும்.”

ரயில் வருவதாக அறிவித்தார்கள். ஆட்கள் எழுந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

“வரும்தானே?” என்று கேட்டார்.

“வரும்.”

“எப்போ?”

“தெரியாதுக்கா.”

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். “இதுக்கா இவ்வளவு படிச்சீங்க?”

ஆமாம் என்றேன்.

ரயில் வந்து நின்றது. அவர் எழுந்தார். நான் அவருடைய பையைத் தூக்கப் போனேன். “இருக்கட்டும், கனமா இருக்கும்,” என்று சொல்லி அவரே தூக்கிக்கொண்டு ஏறினார்.